தேனாம்பேட்டைத் தீர்ப்பாயமும் அதற்குப் பின்னும்

ஒரு தைலத்துக்கோ, ஊறுகாய்க்கோ, பூட்டுக்கோ தாம் இட்டு வழங்கும் பெயரைத் தமக்கே உரியதாகப் பதிவு செய்துகொள்ள விரும்பும் சிறு வியாபாரியும், சோதனைச் சாலையில் கோடிக்கணக்காகச் செலவிட்டுக் கண்ட மருந்தொன்றின்மேல் 20 ஆண்டுத் தனியுரிமை கோரும் அயல்நாட்டுக் கம்பெனியும் அந்தஸ்தில் எவ்வளவோ தூரம் விலகி நிற்பவர்களேயாயினும், சென்னை கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தின் வாயிலைத் தாண்டியதும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். இருவருடைய விண்ணப்பமும் ஓர் அதிகாரியின் மேஜைக்கே போகிறது. அவர் அதைப் பரிசோதித்து ஆட்சேபங்களை எழுதி அனுப்புகிறார். வந்த பதிலைப் பார்க்கிறார். நேரில் வந்து சொல்வதைக் கேட்கிறார். பிறர் எதிர்ப்பு மனுக் கொடுத்திருந்தால் அவர்கள் தரப்பு ஆதாரங்களையும் ஆராய்கிறார். முடிவில் உண்டென்றோ இல்லையென்றோ ஓர் உத்தரவு பிறப்பிக்கிறார். அவர் நீதிபதி அல்லர், அரசாங்க உத்தியோகஸ்தர். ஆயினும் அவர் கையெழுத்தினால் ஒரு குடும்பத்தின் தலைமுறை வியாபாரம் நிலைபெறலாம், அல்லது நிலைகுலையலாம். ஒரு வியாதிக்கான மருந்தின் விலை ஏழைக்கு எட்டும்படி இறங்கலாம், அல்லது எட்டாத உயரத்திலேயே நிற்கலாம்.

அப்படிப்பட்ட உத்தரவில் பிழை நேர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விக்கு நம் தேசம் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பலவிதமான விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. 1911-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ், பேட்டன்ட் அதிகாரியின் முடிவினால் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அரசாங்கத்திடமே அப்பீல் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதாவது உத்தியோகஸ்தர் செய்த தவற்றை அவருடைய எஜமானரிடமே விண்ணப்பித்துக்கொள்வது. வணிகச் சின்னங்களுக்கு 1940-இல் முதன்முதலாக ஏற்பட்ட மத்தியச் சட்டம் இந்த விஷயத்தில் அதைவிட நியாயமாக நடந்துகொண்டது; பதிவாளரின் முடிவை ஹைக்கோர்ட்டில் எதிர்க்கலாம் என்றது. சுதந்திரத்துக்குப் பின் இவ்விரண்டு சட்டங்களையும் திருத்தியமைப்பது பற்றி ஆராயும் பொறுப்பு, சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்து பின்னர்ச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. வணிகச் சின்னங்கள் பற்றி 1955-இலும், பேட்டன்டுகள் பற்றி 1959-இலும் அவர் அளித்த அறிக்கைகளே 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அஸ்திவாரமாயின. அரை நூற்றாண்டு கழித்து, புற்றுநோய் மருந்தொன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பேட்டன்ட் சட்டத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தபோது, ஐயங்காரின் 1959-ஆம் ஆண்டு அறிக்கையை விரிவாக எடுத்தாண்டது என்பதிலிருந்து அந்த மனிதரின் உழைப்பு எத்தகையது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஹைக்கோர்ட்டு அப்பீல் என்பது கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் அது படிகள் மிகுந்த ஏணி. 'குளுகோவிட்டா' என்ற பெயரில் குளுகோஸ் மாவு விற்ற கார்ன் புராடக்ட்ஸ் கம்பெனி, 'குளுவிட்டா' என்ற பெயரில் பிஸ்கோத்து விற்க முனைந்த ஷாங்ரிலா கம்பெனியின் விண்ணப்பத்தை எதிர்த்த கதையைப் பாருங்கள். பதிவு அதிகாரி பிஸ்கோத்துக்காரருக்கு அனுகூலமாகத் தீர்மானித்தார்; பம்பாய் ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதி அதை மாற்றினார்; இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த மாற்றத்தை மாற்றிற்று; 1959 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பெஞ்சின் முடிவையும் தள்ளி, குளுகோவிட்டாவே வென்றதென்று முடித்தது. நான்கு இடங்களில் நான்கு முறை தராசு சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கமாக. அமிர்ததாராவுக்கும் லட்சுமணதாராவுக்கும் நடந்த தாவா இன்னும் சுவையானது. பெயர்கள் ஒத்திருக்கின்றனவென்று ஒப்புக்கொண்ட பதிவாளர், அமிர்ததாராக்காரர் வெகுகாலம் பேசாதிருந்ததையும் கணக்கிலெடுத்து, லட்சுமணதாராவை உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் விற்கும் நிபந்தனையோடு பதிவு செய்யலாமென்றார். அலகாபாத் ஹைக்கோர்ட் ஒற்றுமையே இல்லை என்று நிபந்தனையை நீக்கிற்று. 1962-இல் சுப்ரீம் கோர்ட் ஹைக்கோர்ட்டின் தீர்ப்பை ரத்துச் செய்து பதிவாளரின் பழைய உத்தரவையே நிலைநிறுத்தியது. இலாகா உத்தியோகஸ்தரின் தீர்மானம் எப்போதும் குறைபாடுடையதே என்று எண்ணுகிறவர்கள் இந்த வழக்கை ஒரு முறை படிப்பது நல்லது.

காலதாமதத்துக்கு உதாரணம் வேண்டுமானால் சென்னையிலேயே ஒன்று உண்டு. பெங்களூர்க் கோடே கம்பெனியார் 1968 முதல் 'பீட்டர் ஸ்காட்' என்ற பெயரில் விஸ்கி விற்று வந்தார்கள். 'ஸ்காட்' என்ற சொல் ஸ்காட்லாந்துச் சரக்கு என்ற பிரமையை உண்டாக்குகிறதென்று ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தார் 1986-இல் பதிவை நீக்கும்படி மனுச் செய்தார்கள். பதிவாளரிடத்திலும், சென்னை ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதியிடத்திலும், பிறகு பெஞ்சிலும் சங்கத்தாரே வென்றார்கள். 2008 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட், இத்தனை காலம் தெரிந்தே சும்மாயிருந்துவிட்டு இப்போது வந்து பதிவை நீக்கச் சொல்வது தகாதென்று கோடே கம்பெனிக்கு அனுகூலமாகத் தீர்த்தது. மனுவுக்கும் முடிவுக்கும் இடையே 22 ஆண்டுகள். விஸ்கிக்கு அது நல்ல வயது, வியாஜ்யத்துக்கு அல்ல.

இந்தத் தாமதத்துக்குப் பரிகாரமாகவும், சிவில் வழக்குகளிலும் கிரிமினல் வழக்குகளிலும் மூழ்கியிருந்த ஹைக்கோர்ட்டுகளின் பாரத்தைச் சிறிது இறக்குவதற்காகவுமே பிரத்தியேகமான ஒரு தீர்ப்பாயத்தைச் சிருஷ்டிப்பதென்ற யோசனை பிறந்தது. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்தபோது, அதனுடன் கூடவே அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் தோன்றிற்று. ஹைக்கோர்ட்டுகளில் நிலுவையிலிருந்த வணிகச் சின்ன வழக்குகளின் அப்பீல்கள் அதற்கு மாற்றப்பட்டன. பேட்டன்ட் அப்பீல்கள் 2007 ஏப்ரல் 2 முதல் அதன் கைக்கு வந்தன. புவிசார் குறியீடு பற்றிய அப்பீல்களும் அதற்கே உரியவையாயின. தேசத்துக்கே ஒன்றான இந்த மன்றத்துக்குத் தலைமை ஸ்தானமாகத் தலைநகர் டில்லியைத் தேர்ந்தெடுக்காமல் சென்னையைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணா சாலையில் தேனாம்பேட்டை குணா காம்ப்ளெக்ஸின் ஒரு மாடியில் அது இயங்கியது. டில்லி, மும்பை, கல்கத்தா, அகமதாபாத் நகரங்களுக்கு அவ்வப்போது சென்றும் விசாரணை நடத்தியது. ரேடியோக் கடைகளுக்கும் பாங்கிகளுக்கும் நடுவே, பலகையைக் கவனித்துப் படிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சர்வ தேச முக்கியத்துவம் அந்த மாடியில் இருந்தது என்பதைச் சென்னைவாசிகளில் அநேகர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அந்த விசேஷமே இக்கட்டுரைக்கு மூல காரணம். ஒரு பெஞ்சில் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவரும், துறை தெரிந்த தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பேட்டன்ட் வழக்கானால், அந்த இரண்டாமவர் பேட்டன்ட் இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவராகவோ, விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் பேட்டன்ட் ஏஜெண்டாகத் தொழில் நடத்தியவராகவோ இருக்க வேண்டும். மூலக்கூறுகளின் படிக அமைப்பைப் பற்றி இரு கட்சியின் வக்கீல்களும் மூன்று நாள் வாதாடும்போது, அவர்களில் யார் ரசாயனம் பேசுகிறார், யார் ரசாயனம் போலத் தொனிக்கும் வேறெதையோ பேசுகிறார் என்று உடனே கண்டுகொள்ளக்கூடியவர் ஒருவர் நீதியாசனத்திலேயே இருக்கிறார் என்பது அற்ப சகாயமன்று. அவர் ஆலோசகர் அல்லர், தீர்ப்பில் கையெழுத்திடுபவர். நீதியின் பக்கத்திலேயே சாஸ்திரமும் சமமாக அமர்ந்திருந்த இத்தகைய மன்றங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

முறையீட்டின் நியதிகளில் சிலவற்றையாவது இங்கே சொல்லாமல் தீராது. ஏனென்றால் அவற்றை அறியாமல் உரிமை இழந்தவர்கள் உண்டு. வணிகச் சின்ன விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரி சில சமயம் முடிவை மட்டும் தெரிவித்துவிடுகிறார். அப்பீல் செய்ய எண்ணுகிறவர் 30 நாட்களுக்குள் குறிப்பிட்ட படிவத்தில் விண்ணப்பித்து, அம்முடிவுக்கு அவர் கொண்ட காரணங்களை எழுத்தில் கேட்டுப் பெறலாமென்று விதிகள் சொல்கின்றன. உத்தரவு தமக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அப்பீலைத் தாக்கல் செய்ய வேண்டும். பேட்டன்டிலும் மூன்று மாதந்தான். ஆனால் அங்கே காலம் ஓடத் தொடங்குவது உத்தரவின் தேதியிலிருந்து. தபால் எப்போது வந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் இங்கே ஏமாறுவார். மேலும், பேட்டன்ட் அதிகாரியின் எல்லா உத்தரவுகளும் அப்பீலுக்கு உரியவை அல்ல; எவை உரியவை என்று சட்டமே ஜாபிதா போட்டிருக்கிறது. பேட்டன்ட் வழங்குவதற்கு முன்னமே எதிர்ப்புத் தெரிவித்த ஒருவரின் எதிர்ப்பு நிராகரிக்கப்பட்டால், அவருக்கு அந்த ஜாபிதாவில் இடமில்லை. பேட்டன்ட் வழங்கியானபின் ஓராண்டுக்குள் மறுபடி எதிர்க்கலாம், அல்லது அதை ரத்துச் செய்யக் கோரலாம், அவ்வளவே. எதிர்ப்பினால் தோற்ற விண்ணப்பதாரருக்கோ அப்பீல் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வு சட்டம் இயற்றியவர்கள் அறிந்து வைத்ததுதானென்றாலும், நோயாளிகளின் சங்கங்கள் இதைக் குறைபாடாகக் கருதுவதில் வியப்பில்லை.

வாரியத்தின் பெயரை உலகமெங்கும் பத்திரிகைகளில் அடிபடச் செய்தது ஒரு சென்னை வழக்கு. ஸ்விட்ஸர்லாந்து நோவார்ட்டிஸ் கம்பெனி, ரத்தப் புற்றுநோயில் ஒருவகைக்குக் கைகண்ட ஔஷதமான இமாட்டினிப் என்ற மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு, 1998-இல் சென்னைப் பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. 'க்ளிவெக்' என்று உலகம் அறிந்தது அதுவே. மூல மருந்துக்கு அயல்நாடுகளில் முன்னமே பேட்டன்ட் இருந்தது. அப்போதைய நம் சட்டத்தில் மருந்துப் பொருள்களுக்குப் பேட்டன்டே இல்லை. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துக்கும் பேட்டன்ட் உண்டென்று ஆனபோது, பாராளுமன்றம் 3(டி) என்ற பிரிவையும் கூடவே கடுமையாக்கி வைத்தது: தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அப்பொருளின் தெரிந்த பலனை மிகுவிக்காவிட்டால், கண்டுபிடிப்பாகாது. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உள்நாட்டு மருந்துக் கம்பெனிகள் சிலவும் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னையின் உதவி அதிகாரி விண்ணப்பத்தை நிராகரித்தார். புதுமை இல்லை, கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இல்லை, 3(டி) பிரிவும் தடுக்கிறது என்பன அவர் சொன்ன காரணங்கள்.

நோவார்ட்டிஸ் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. உத்தரவை மட்டுமன்றி, 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதமென்றும் வாதாடிற்று. சாசன வாதத்தை 2007 ஆகஸ்டு 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தள்ளினார்கள். உத்தரவின்மேலான அப்பீல்களோ, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, புதிதாகப் பேட்டன்ட் அதிகாரம் பெற்ற வாரியத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. வாரியத்தில் அப்போதிருந்த தொழில்நுட்ப உறுப்பினர், நிராகரிப்பு உத்தரவு பிறந்த காலத்தில் பேட்டன்ட் இலாகாவின் தலைவராயிருந்தவர். ஹைக்கோர்ட்டில் அரசாங்கத்தின் சார்பாகப் பிரமாண வாக்குமூலமும் தந்தவர். அவர் அப்பீலைக் கேட்கலாகாதென்று கம்பெனி ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் நியாயமானதென்றே எவருக்கும் தோன்றும். தொழில்நுட்ப உறுப்பினரை இலாகாவிலிருந்தே எடுப்பதென்ற ஏற்பாட்டிலுள்ள அபாயம் முதல் பெரிய வழக்கிலேயே வெளிப்பட்டுவிட்டது. துறை அறிந்தவர்களில் பெரும்பாலோர் இலாகாவில் ஊழியம் செய்தவர்கள், இலாகாவில் ஊழியம் செய்தவர்கள் இலாகாவின் தவற்றைத் தீர்ப்பவர்களாக வருகிறார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரையில் சென்று, வேறொருவர் அந்த ஸ்தானத்தில் அமர்ந்த பின்னரே விசாரணை நடந்தது.

2009 ஜூன் 26 அன்று வாரியம் தந்த தீர்ப்பு, அப்பீல் மன்றமென்றால் எப்படிச் சிந்திக்க வேண்டுமென்பதற்கு நல்ல மாதிரி. கீழ் அதிகாரியின் முடிவை ஒப்புக்கொண்டும் அவருடைய காரணங்களில் சிலவற்றை அது ஒப்புக்கொள்ளவில்லை. புதுமையும் உண்டு, கண்டுபிடிப்புச் சாமர்த்தியமும் உண்டு என்று கம்பெனிக்கு அவ்வளவு தூரம் இடங்கொடுத்துவிட்டு, 3(டி) பிரிவு குறுக்கே நிற்கிறதென்றும், அதைத் தாண்டும் பலன் நிரூபிக்கப்படவில்லையென்றும் சொல்லிற்று. அதே சமயம் அந்தப் படிகத்தைத் தயாரிக்கும் முறைக்குப் பேட்டன்ட் கொடுக்கலாமென்றது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலைக்குக் கம்பெனி விற்றதையும், உள்நாட்டார் அதை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்ததையும் மனத்தில் கொண்டு எழுதிய பகுதிகளும் தீர்ப்பில் உண்டு. பேட்டன்ட் கொடுக்கத் தகுதியுள்ளதா என்ற கேள்விக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் இதைக் குறை கூறினார்கள். அக்குறையில் ஓரளவு உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கம்பெனி ஹைக்கோர்ட்டைத் தாண்டி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. வழக்கின் முக்கியத்துவத்தை உத்தேசித்து, சம்பிரதாயத்துக்கு மாறாக, மனமொப்பாமலே அந்த வழியை அனுமதித்ததாக நீதிபதிகள் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும், மருந்து விஷயத்தில் பலன் என்றால் வியாதியைக் குணப்படுத்தும் பலனே என்றும், உடலில் 30 சதவீதம் அதிகமாகக் கலக்கிறதென்பது மட்டும் அந்தப் பலனாகிவிடாதென்றும் தீர்ப்பளித்தார்கள். வாரியம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த இடத்தையும் சேர்த்தே அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்: 3(டி) மட்டுமன்று, கண்டுபிடிப்பென்ற முதற்பரீட்சையிலேயே அது தேறவில்லை என்று. ஆக, உதவி அதிகாரி சொன்னதற்கு மிக அருகிலேயே உச்சியில் வந்து முடிந்தது.

இதே காலத்தில் வாரியத்தின் தலைமைக்கு வந்தவர் மேற்சொன்ன நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரசிகராகவும் தமிழ் வாசகர்கள் அவரை அறிவார்கள். 2011 முதல் 2013 வரையில் அவர் தலைவராயிருந்த ஆண்டுகளே வாரியத்தின் வசந்தமென்று சொன்னால் மிகையாகாது. கல்லீரல் அழற்சிக்கு ரோஷ் கம்பெனி விற்ற 'பெகாஸிஸ்' மருந்துக்குச் சென்னை அலுவலகம் பேட்டன்ட் வழங்கியிருந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக உழைக்கும் சங்கல்ப் என்ற மறுவாழ்வுச் சங்கம் அதை எதிர்த்து, அலுவலகத்தில் தோற்று, வாரியத்துக்கு வந்தது. இந்தச் சங்கம் மருந்து தயாரிக்கிறதா, விற்கிறதா, இதற்கு என்ன அக்கறை என்று கம்பெனி கேட்டது. வியாதியஸ்தர்களுக்காகப் பாடுபடுகிறவர்களுக்கு மருந்தின் விஷயத்தில் அக்கறை உண்டென்று கொண்டு, 2012 நவம்பரில் வாரியம் பேட்டன்டை ரத்துச் செய்தது. வியாபாரப் போட்டிக்காரர்களே வந்துபோகும் மன்றமென்று எண்ணப்பட்ட இடத்தில் நோயாளியின் பிரதிநிதிக்கும் ஆசனம் போட்டதே அந்தத் தீர்ப்பின் பெருமை.

அடுத்த மார்ச்சில் வந்தது பேயர் வழக்கு. சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் காணும் புற்றுநோய்க்கான 'நெக்ஸாவார்' மருந்து, ஒரு மாத அளவு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத் நாட்கோ கம்பெனி, அதே மருந்தை 8,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லிக் கட்டாய லைசென்ஸ் கேட்டது; 2012 மார்ச்சில் பேட்டன்ட் தலைமை அதிகாரி பி.எச். குரியன் அதை வழங்கினார். இந்தியாவில் இத்தகைய லைசென்ஸ் வழங்கப்பட்டது அதுவே முதல் தடவை. பேயரின் அப்பீலில், லைசென்ஸை 2013 மார்ச் 4 அன்று வாரியம் உறுதி செய்தது. ஆனால் கம்பெனிக்குச் சேர வேண்டிய ராயல்டியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. பேட்டன்ட் பொருளை இறக்குமதி செய்து விற்பது எந்நாளும் பேட்டன்டை இந்நாட்டில் பயன்படுத்தியதாகாது என்ற அதிகாரியின் கண்டிப்பான அபிப்பிராயத்தையும் தளர்த்தி, அது அந்தந்த வழக்கின் நிலைமையைப் பொறுத்ததென்றது. பம்பாய் ஹைக்கோர்ட்டும் பிறகு சுப்ரீம் கோர்ட்டும் அம்முடிவில் கை வைக்கவில்லை.

இவ்வளவு செய்த ஸ்தாபனத்தை அதன் எதிரிகள் கொல்லவில்லை; அதை உண்டாக்கியவர்களே பட்டினி போட்டார்கள். உறுப்பினர் ஓய்வு பெற்றால் அவ்விடம் மாதக்கணக்கில், பின்பு வருஷக்கணக்கில் காலியாயிருந்தது. நியமன முறையிலும் கோளாறு இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் தொடுத்த பொதுநல வழக்கில், 2015 மார்ச் 10 அன்று சென்னை ஹைக்கோர்ட், அரசாங்கச் சட்டப் பணியிலிருந்தவர்கள் என்ற ஒரே தகுதியால் நீதியாசனத்துக்கு வர இடங்கொடுத்த பிரிவுகளைச் செல்லாதென்று தள்ளியது. பஷீர் 2019-இல் அகாலமாக மறைந்தார். தம் வழக்கினால் சீர்திருந்தும் என்று அவர் நம்பிய வாரியம், அதற்கடுத்த இரண்டாண்டில் மறைந்தது. 2016-இன் நடுவிலிருந்து 2018 ஜனவரி வரையில் வாரியத்துக்குத் தலைவரே இல்லை. பேட்டன்டுக்கான தொழில்நுட்ப உறுப்பினரின் ஆசனமோ 2016 முதல் 2020 வரை வெறுமையாயிருந்தது. பெஞ்சு கூட இருவர் வேண்டும், இருவரில் ஒருவர் இல்லை. ஆகவே பேட்டன்ட் அப்பீல்கள் அலமாரியிலேயே தங்கின. 20 ஆண்டே ஆயுளுள்ள ஓர் உரிமைக்கு நான்காண்டு விசாரணை இல்லாமற் போவதென்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கத்தின் அசிரத்தையே விழுங்கிவிட்டதென்று பொருள். கோரம் இல்லாவிட்டாலும் இருப்பவர்கள் கேட்கலாமென்று டில்லி ஹைக்கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. ஓய்வு பெறவேண்டிய தலைவரின் காலத்தைக் கோர்ட்டுகள் நீட்டித்துக்கொண்டே போயின. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இனி நீட்டிக்க இயலாதென்று மறுத்தது. ஏப்ரல் 4 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது, வாரியம் கலைந்தது. சினிமாத் தணிக்கைக்கு எதிரான அப்பீல்களைக் கேட்ட தீர்ப்பாயமும் அதே கையெழுத்தில் மறைந்தது. ஆகஸ்டில் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கியது.

தீர்ப்பாயங்களால் விரைவான நியாயம் கிடைக்கவில்லை என்பது அரசாங்கம் சொன்ன சமாதானம். ஆசனங்களை நிரப்பும் பொறுப்பு எவருடையதோ அவரே ஆசனம் காலியென்பதைக் குற்றமாக எடுத்துரைப்பது விசித்திரமான நியாயம்.

இப்போது அப்பீல்கள் மறுபடி ஹைக்கோர்ட்டுகளுக்கே வந்துவிட்டன. டில்லி ஹைக்கோர்ட் 2021 ஜூலையிலேயே இதற்கென்று தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தி, 2022-இல் விதிகளும் வகுத்தது. சென்னை ஹைக்கோர்ட்டின் பிரிவு 2023 ஏப்ரலில் உருவாயிற்று. எந்த அலுவலகத்து உத்தரவோ அந்த அலுவலகம் எந்த ஹைக்கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கேதான் சாதாரணமாகப் போக வேண்டும். கிண்டி உத்தரவுக்குப் பாரிமுனையிலுள்ள சென்னை ஹைக்கோர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மாறுதலால் லாபமும் உண்டென்பதை மறைப்பது நேர்மையாகாது. இலாகாவின் பழைய ஊழியர் இலாகாவைத் தீர்க்கும் சங்கடம் ஒழிந்தது. தீர்ப்புகள் முன்னைவிடத் தெளிவாக, ஒன்றோடொன்று பேசிக்கொள்வனவாக வருகின்றன. விசேஷமாக ஒரு நன்மையைக் குறிப்பிட வேண்டும்: பரிசோதனை அறிக்கையிலிருந்த ஆட்சேபத்தை அப்படியே பெயர்த்தெழுதி, விண்ணப்பதாரர் சொன்ன பதிலைப் பற்றி ஒரு வாக்கியங்கூட எழுதாமல் நிராகரிக்கும் உத்தரவுகளை ஹைக்கோர்ட்டுகள் பொறுத்துக்கொள்வதில்லை. சென்னையில் இவ்விதமான உத்தரவுகளை ரத்துச் செய்து, புதிதாகத் தீர்மானிக்கும்படி திருப்பி அனுப்பும்போது, முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனம் மறுபடி அதையே சொல்லும் சாத்தியத்தை நீக்குவதற்காக, முதலில் கேட்டவரல்லாத வேறோர் அதிகாரி விசாரிக்க வேண்டுமென்றும் உத்தரவிடுகிறார்கள். விண்ணப்பதாரருக்கு இது பாதி வெற்றியே. மீண்டும் கிண்டிக்கு, மீண்டும் ஒரு ஹியரிங், மீண்டும் ஒரு காத்திருப்பு. ஆனால் உத்தரவு எழுதும் கை, மேலே ஒருவர் காரணம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதும் பழக்கத்துக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை.

நஷ்டங்களில் முதலாவது சிறு வியாபாரிக்கு. வாரியத்தில் ஒரு வணிகச் சின்ன ஏஜெண்டை வைத்துக்கொண்டு காரியத்தை நடத்தியவர், இன்று ஹைக்கோர்ட் வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேலும் ஒன்று: தனி நீதிபதியின் முடிவுமேல் அதே ஹைக்கோர்ட்டின் பெஞ்சுக்கு மறு அப்பீல் உண்டா என்ற வினா எழுந்தபோது, ஸ்விட்ஸர்லாந்து அரசாங்கத்தின் ராணுவச் சாமான் இலாகாவான அர்மாசுவிஸ் சம்பந்தப்பட்ட ஒரு வணிகச் சின்ன வழக்கில், 2023-இல் டில்லி பெஞ்சு உண்டென்றே சொல்லிவிட்டது. வாரியத்தை உண்டாக்கியபோது குறைக்க நினைத்த ஏணிப்படிகளில் ஒன்று இவ்வாறு திரும்பவும் பொருத்தப்பட்டது.

இரண்டாவது நஷ்டம் அந்தத் தொழில்நுட்ப ஆசனம். டில்லியின் விதிகள் நிபுணர்கள் குழுவொன்றை வைத்துக்கொண்டு வேண்டும்போது அவர்களுடைய உதவியைப் பெற நீதிபதிக்கு இடமளிக்கின்றன, நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கேட்டால் சொல்பவருக்கும், கூட இருந்து தீர்ப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. ஹைக்கோர்ட்டில் விஷய ஒதுக்கீடு சில மாதங்களுக்கொரு முறை மாறுகிறது; நொதிகளின் ரசாயனத்தை ஓராண்டு உழைத்துப் புரிந்துகொண்ட நீதிபதி, அடுத்த பருவத்தில் நில ஆர்ஜித வழக்குகளைக் கேட்கப் போய்விடலாம், அவரிடத்துக்கு வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பாயத்தை மறுபடி கொண்டுவர வேண்டுமென்று நான் கேட்கவில்லை. காலி நாற்காலிகளின் சரித்திரம் அதற்குள் மறந்துபோகவில்லை. ஹைக்கோர்ட்டின் தனிப் பிரிவில் அமரும் நீதிபதி குறைந்தது மூன்றாண்டாவது அங்கேயே இருப்பார் என்றும், பேட்டன்ட் அப்பீல்களில் நிபுணர் ஒருவர் முதல் நாள் விசாரணையிலிருந்தே உடனிருந்து, தம் அபிப்பிராயத்தை இரு கட்சியினரும் பார்க்கும்படி எழுத்தில் தருவார் என்றும் விதி செய்ய ஹைக்கோர்ட்டுகளுக்கே அதிகாரம் இருக்கிறது. இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.